ஒரு மூட்டை இறங்கினால்தான் அடுத்த மூட்டை

போன போயா (பௌர்ணமி) விடுமுறையன்று நாள் முழுக்க மழை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு, மூன்றாம் மாடி. வெளியே போகிற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டுப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கம்பைல் செய்துகொண்டிருந்தேன். அதன் விசிறி போட்ட சத்தத்தில் கடற்கரை ரயில் போனதுகூடக் கேட்கவில்லை. சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, விடுமுறையிலயும் அதோடதானா? என்ன அப்படி அவசரம்?"

என் வேலை சேமிப்பகம் சம்பந்தப்பட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிறேன். சில மாதங்களாக ஒரே விஷயம்தான் தலைக்குள் ஓடுகிறது. தொலைபேசியிலும் எஸ்எஸ்டியிலும் தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை வலயங்களாகப் பிரித்து, அதில் சின்னச் சின்னதாக எழுதும்போது வேகம் ஏன் இப்படிச் சரிகிறது? 'சோன்' என்பதை வலயம் என்றே எழுதுகிறேன். கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது உறுத்தாது.

அப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்கு அதிகம் கஷ்டமில்லை. அவர் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி மொத்தக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நான் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லொறியிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கொப்பியில் கோடு கிழித்து எண்ணுவேன். உள்ளே சுவரோரம் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அட்டி எழும்பும். அட்டியின் நியாயம் எளிது. புது மூட்டை மேலேதான் போகும். நடுவில் இருக்கும் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். அடியில் ஒரு மூட்டை நனைந்துவிட்டது தெரிந்தால் அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஃபிளாஷும் அட்டிதான். எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பல மெகாபைட் கொண்ட பெரிய தொகுதி தொகுதியாக. எழுதிய பக்கத்தின்மேல் திருப்பி எழுத முடியாது. ஆனால் சாதாரண எஸ்எஸ்டி இதை நம்மிடம் சொல்வதே இல்லை. "எங்கே வேண்டுமானாலும் எழுது" என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, உள்ளே புது இடத்தில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை வைத்துக்கொள்கிறது. செல்லாத பக்கங்கள் சேரும்போது செல்லுபடியானவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொகுதியை அழிக்கிறது. நாம் ஒருமுறை எழுதியதை அது பலமுறை எழுதுகிறது.

அந்த அட்டவணைதான் தொலைபேசியில் தலைவலி. 4 கேபி பக்கத்துக்கு 4 பைட் என்று வைத்தாலே, 256 ஜிபி கொள்ளளவுக்கு 256 எம்பி அட்டவணை வேண்டும். கணினியின் எஸ்எஸ்டி தனக்கென்று டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) வைத்துக்கொள்ளலாம். தொலைபேசிக்குள் இருக்கும் யூஎஃப்எஸ் என்ற சேமிப்புச் சிப்பில் அதற்கு இடமில்லை. அட்டவணையின் ஒரு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஃபிளாஷிலிருந்தே அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வலய முறையில் சாதனம் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறது: "என்னிடம் இத்தனை அட்டி. ஒவ்வொன்றிலும் மேலே மட்டும்தான் வைக்கலாம். வேண்டாமென்றால் முழு அட்டியையும் பிரி." எழுத்துச் சுட்டி என்பது அட்டியின் இப்போதைய உயரம். பக்கத்துக்குப் பக்கம் குறித்து வைக்கத் தேவையில்லாததால் அட்டவணை மிகச் சிறிதாகிவிடுகிறது. இந்த ஏற்பாடு முதலில் வன்தட்டுகளுக்காக வந்தது. லினக்ஸ் 2017இலேயே 4.10ஆம் பதிப்பில் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. கணினிகளில் வரும் என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டிகளுக்கான தரம் 2020இல் வந்தது. யூஎஃப்எஸ்ஸுக்கானதை, சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023இல் வெளியிட்டது.

சரி, இதில் எங்கே பிரச்சினை? எழுத்துச் சுட்டி நிற்கும் இடத்துக்குச் சரியாக எழுத வேண்டும். ஒரு பக்கம் தள்ளிப் போனாலும் சாதனம் பிழை என்று திருப்பிவிடும். அதாவது 7ஆம் மூட்டை 6ஆம் மூட்டையை முந்தினால் கதை முடிந்தது. கெர்னலுக்குள் முந்துவதற்கு வழிகள் நிறைய. ஒவ்வொரு சிபியூவுக்கும் தனி வரிசை இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் நிரலைக் கெர்னல் நடுவில் வேறு சிபியூவுக்கு மாற்றினால், பழைய வரிசையில் நிற்பதை முந்திக்கொண்டு புதிய வரிசையில் வந்தது சாதனத்தை அடைந்துவிடலாம். தொலைபேசியில் சின்னக் கோர், பெரிய கோர் என்று நிரல்கள் ஓயாமல் இடம் மாறும். அங்கே இது எப்போதோ நடக்கிற சங்கதி இல்லை.

லினக்ஸ் கண்ட தீர்வு, அப்பா ஆரம்பத்தில் கண்ட தீர்வேதான். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர்களை நாட்டாமிமார் என்போம். எங்கள் கடைக்கு இரண்டு வாசல். நாட்டாமிமார் இரண்டாலும் நுழைவார்கள், ஒருவரை ஒருவர் முந்துவார்கள், சம்பா அரிசிக்கு மேல் நாடு அரிசி, நாட்டுக்கு மேல் சம்பா என்று அட்டி குழம்பும். அப்பா ஒரு சட்டம் போட்டார். ஒரு மூட்டை உள்ளே போய் அட்டியில் அமர்ந்து, அவர் "சரி" என்று கத்திய பிறகுதான் லொறியிலிருந்து அடுத்தது இறங்க வேண்டும். அட்டி குழம்பவில்லை. ஆனால் லொறி பின்னேரம் வரை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற லொறிக்காரர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கெர்னலில் இதை முன்பு எம்க்யூ-டெட்லைன் என்ற அட்டவணைப்படுத்தி (கோரிக்கைகளை எந்த ஒழுங்கில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் பகுதி) செய்தது: வலயத்துக்கு ஒரு பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு எழுதுதல். 2024 ஜூலையில் வந்த 6.10ஆம் பதிப்பில் பூட்டு போய், வலயச் செருகி என்ற ஏற்பாடு வந்தது. கோரிக்கைகள் இன்னும் மேலேயே, அட்டவணைப்படுத்தியைத் தொடுவதற்கு முன்பே, வலயத்தின் வாசலில் காத்திருக்கின்றன. இதனால் எந்த அட்டவணைப்படுத்தியையும் வைத்துக்கொள்ளலாம், எதுவுமே இல்லாமலும் ஓட்டலாம். எனக்குப் பிடித்த மாற்றம் அது. நிரலைப் படித்தால் முன்பு இருந்த சிக்கல் எவ்வளவு என்று தெரியும். ஆனால் வலயத்துக்கு ஒன்று என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சட்டத்தின் விலையைக் கணக்குப் போடுவது சுலபம். 4 கேபி எழுதிப் பதில் வர 100 மைக்ரோசெக்கன் என்று வையுங்கள். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்றால் செக்கனுக்கு 10,000. அதாவது ஏறத்தாழ 40 எம்பி. ஃபிளாஷ் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதற்கு மேல் போகாது, ஏனென்றால் நேரம் போவது எழுதுவதில் இல்லை, "சரி" என்ற சத்தத்துக்காகக் காத்து நிற்பதில்.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன். வலய யூஎஃப்எஸ் சாதனம் வீட்டில் ஏது? கெர்னலிலேயே நல்-பிளாக் என்று ஒரு போலிச் சாதனம் இருக்கிறது. வாய் நிறையக் கொள்ளளவு சொல்லும், நினைவகத்தோடு இணைக்காவிட்டால் ஒரு பைட்டைக்கூடச் சேமிக்காது. (தேர்தல் மேடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) அதை வலய முறையில் எழுப்பி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 100 மைக்ரோசெக்கன் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். சேமிப்பக வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியில் 4 கேபி, தொடர் எழுதுதல், வரிசை ஆழம் 32 (ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகள் வரை).

வந்த எண் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலயச் சட்டம் வேலை செய்யவில்லையா, நான்தான் எங்காவது பிழை விட்டேனா? தேத்தண்ணி ஆறிப் போகும்வரை தேடினேன். விஷயம் வேறு. வாசலில் 31 கோரிக்கைகள் காத்திருக்கும்போது, அவை அடுத்தடுத்த இடங்களுக்கானவை என்று கெர்னல் கண்டுகொள்கிறது. உள்ளே போக முறை வந்ததும் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய கோரிக்கையாக அனுப்பிவிடுகிறது. ஒரு மூட்டை தூக்குகிறவனுக்குக் கைவண்டி கொடுத்த மாதிரி. ஒட்டுவதை நிறுத்தும் அமைப்பைப் போட்டு மீண்டும் ஓட்டினேன். இப்போது 10,000க்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அடுத்ததை அனுப்பிவிடும் வேலைக்கும் கொஞ்ச நேரம் போகும், அதனால் அந்தக் குறைவு. நாலு வலயத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

அப்படியானால் நிறைய வலயங்களில் எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தொலைபேசிகளில் இருக்கும் எஃப்2எஃப்எஸ் கோப்பு முறை வழக்கமாக ஆறு பதிவேடுகளில்தான், அதாவது ஆறு தொடர் வரிசைகளில்தான், எழுதுகிறது: தரவுக்கு மூன்று, கோப்புகளின் விவரக் கணுக்களுக்கு மூன்று, சூடு, வெதுவெதுப்பு, குளிர் என்று பிரித்து. நாற்பது செயலிகள் ஓடினாலும் எல்லாத் தரவும் அந்த மூன்றில் ஒன்றுக்குள்தான், பெரும்பாலும் ஒரே வலயத்தின் வாசலில்தான், வந்து முட்டும். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் எஃப்2எஃப்எஸ் பக்கங்களைச் சேர்த்துப் பெரிய கட்டாகவே அனுப்பும். சின்ன எழுதுதல்கள் பல இடங்களிலிருந்து உதிரியாக வரும்போதுதான் இடிக்கும். என்விஎம்ஈயில் இன்னொரு வழி உண்டு. "இந்த வலயத்தில் எங்காவது மேலே வை, வைத்த இடத்தைப் பிறகு சொல்" என்று கட்டளை கொடுக்கலாம். யார் முந்தினாலும் பரவாயில்லை. பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் அதைப் பயன்படுத்துகின்றன. எஃப்2எஃப்எஸ் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எழுதும் ரகம், அதற்கு இது ஒத்துவராது. யூஎஃப்எஸ்ஸில் அந்தக் கட்டளையும் இல்லை.

இவ்வளவையும் அப்பாவிடம் சொல்லி முடித்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் பேப்பரை மடித்தார்.

"நாங்க பிறகு ஒரு வாசலைப் பூட்டினது உனக்கு ஞாபகமில்லையா?"

ஞாபகமில்லை. மூத்த நாட்டாமி ஒருவர் சொன்ன யோசனையாம். "முதலாளி, நீங்க 'சரி' சொல்லுறதுக்குத்தான் நேரம் போகுது. ஒரு வாசலைப் பூட்டுங்க. பெடியள் ஒருத்தன் பின்னால ஒருத்தன் வரட்டும். முந்த இடமிருந்தாத்தானே முந்துவாங்கள்." பூட்டினார்கள். லொறிக்கும் அட்டிக்கும் நடுவில் பத்து மூட்டைகள் எப்போதும் நடந்துகொண்டே இருந்தன. ஒழுங்கும் கெடவில்லை.

நான் சிரித்தேன், ஏனென்றால் கூகுள் பொறியாளர்கள் ஆண்ட்ராய்டுக்காகக் கெர்னலில் சேர்க்க முயன்று, திருத்தித் திருத்தி முன்வைத்த நிரல் மாற்றங்களின் சாரம் இதுதான். அனுப்பிய ஒழுங்கு மாறாமல் சாதனத்துக்குக் கொடுப்பேன் என்று டிரைவர் (சாதனத்தோடு பேசும் கெர்னல் பகுதி) உறுதி சொன்னால், ஒரே வலயத்துக்குப் பல எழுதுதல்களை ஒரே நேரத்தில் பயணத்தில் விடலாம். அவை முடியும்வரை அந்த வலயத்துக்கான எல்லாம் ஒரே வன்பொருள் வரிசை வழியாகத்தான் போக வேண்டும். நிரல் எந்த சிபியூவுக்குத் தாவினாலும் வாசல் மாறாது. ஃபிளாஷ் அதேதான், சட்டம்தான் இளகுகிறது. எளிமையாகத் தெரியும். ஆனால் இதற்காக அடுக்கு அடுக்காக, கோப்பு முறையிலிருந்து டிரைவர் வரை, எந்த மூலையிலும் ஒருவரும் முந்தமாட்டார் என்று நிறுவ வேண்டும். ஒரே ஒரு மூலை தவறினாலும் பிழை எப்போதாவது, யாரோ ஒருவரின் தொலைபேசியில், திரும்ப நடத்திக் காட்ட முடியாதபடி வரும். அந்த மாதிரிப் பிழையைத் துரத்தி நான் பல இரவுகள் செலவழித்திருக்கிறேன். இதற்கு அவசரப்படாமல் தடை சொன்னவர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது.

"சரி, நடுவில ஒருத்தன் மூட்டையைப் போட்டு உடைச்சா?" என்றார் அப்பா.

அதுதான் கஷ்டமான இடம். பயணத்தில் பத்து இருக்கும்போது நான்காவது தோற்றால், பின்னால் வரும் ஆறும் தப்பான உயரத்துக்கு வந்தவையாகி எல்லாமே பிழையாகத் திரும்பும். அவற்றில் குற்றம் இல்லை. புதிதாக எதையும் விடாமல், போனவை எல்லாம் திரும்பும்வரை பொறுத்து, முகவரிப்படி மீண்டும் அடுக்கி, நான்காவதிலிருந்து திரும்ப அனுப்ப வேண்டும். கடையில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது, அவங்கவங்க நிண்ட இடத்தில மூட்டையை இறக்கி வைப்பாங்கள். கூட்டி அள்ளி, சாக்கு மாத்தி, அதே மூட்டை முதல்ல போகும். பிறகுதான் மற்றவங்கள்."

அடுத்த விடுமுறைக்கு அதைத்தான் நல்-பிளாக்கில் செய்து பார்க்க வேண்டும்: வேண்டுமென்றே நான்காவதைத் தோற்க வைத்து, மற்ற ஆறும் என்ன ஒழுங்கில் திரும்புகின்றன என்று. அப்பாவுக்கு வேறு கவலை. உடைந்த மூட்டையில் கொட்டிப்போன அரிசியை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதில் அவருக்கும் அந்த மூத்த நாட்டாமிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லையாம். நாலாம் குறுக்குத் தெருவை விட்டு இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது.