மாடி வீட்டு நாட்குறிப்பு: குவீன்ஸ், 2023

9 ஆகஸ்ட், புதன்

நியூயார்க் நகரத்தின் மேல், நாள் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் போட்ட வழக்கு நேற்றுத் தள்ளுபடி ஆகிவிட்டது. ஆக, 'உள்ளூர்ச் சட்டம் 18' செப்டம்பர் 5 முதல் அமலுக்கு வந்தே தீரும். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர்கள் மேயர் அலுவலகத்தின் சிறப்பு அமலாக்கப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் 145 டாலர். வீட்டுக்காரர் கூடவே தங்க வேண்டும், கெஸ்ட் இரண்டு பேருக்கு மேல் கூடாது, உள்ளறைக் கதவுகளில் பூட்டு இருக்கக் கூடாது.

"நாமதான் இதே வீட்ல இருக்கோமே" என்றார் என் கணவர்.

இருக்கிறோம், ஆனால் கீழே. ஏர்பிஎன்பியில் நாங்கள் விடும் மாடிக்குத் தனிச் சமையலறை, தனி வாசல். பாய்லர் ஒன்று, தண்ணீர் பில் ஒன்று, கூரையும் ஒன்றுதான். இருந்தாலும் இது இரண்டு குடும்ப வீடு. சட்டத்தின் கணக்கில் மாடி வேறு வீடு, நாங்கள் அங்கே இல்லாதவர்கள்.

19 ஆகஸ்ட், சனி

மாடியை வாடகைக்கு விடுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து இலவச ஆலோசனை. அதிகாரிகள் சோதனைக்கு வந்து மணி அடித்தால் திறக்காதே. கெஸ்ட்டிடம் 'சொந்தக்காரங்க' என்று சொல்லச் சொல். அடுத்த வாரம் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பார்க்க நெதர்லாந்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஆறடி இருப்பார்கள். அத்தை பிள்ளைகள் என்று சொன்னால் எந்த ஊர் அத்தை என்று கேட்க மாட்டார்களா?

ஒரு வக்கீல் மட்டும் உருப்படியாக எழுதியிருந்தார்: வாரண்ட் இல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் கெஸ்ட்டே கதவைத் திறந்து வாங்க என்றுவிட்டால் முடிந்தது கதை. இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. செப்டம்பர் 5 வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

31 ஆகஸ்ட், வியாழன்

நேரம் இல்லை.

காலை பத்து மணி இருக்கும். கையெல்லாம் சப்பாத்தி மாவு. மாடி மணி அடிக்கிற சத்தம், அப்புறம் படியில் காலடி. நான் கையைக் கழுவி, வெளியே வந்து, பக்கவாட்டு வாசலைச் சுற்றி ஏறுவதற்குள் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் கூடத்தில் நிற்கிறார்கள், கழுத்தில் நகர அலுவலக அடையாள அட்டையோடு. நெதர்லாந்துப் பையன் சிரித்த முகத்தோடு போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். எங்கே பார்த்து வந்தீர்கள், எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு கொடுத்தீர்கள், சாவி யார் தந்தது? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பொய் சொல்ல அவனுக்கு என்ன தலையெழுத்து?

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான். "நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்?"

"கீழே."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். அந்த ஆள் சத்தமில்லாமல் படம் எடுத்துக்கொண்டே போனார். வாசலில் நம்பர் பூட்டு. குளியலறையில் நான் ஒட்டிய 'ஈரத் துண்டை இங்கே போடவும்' சீட்டு. கடைசியாகப் படுக்கையறைக் கதவு. 2019இல், முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கோர் அறை எடுத்தபோது என் கணவர் பூட்டு மாட்டிய கதவு அது. பித்தளைப் பூட்டு, கொஞ்சம் கோணலாக இருக்கும். அதற்கு மட்டும் மூன்று படம்.

டீ போடட்டுமா என்றேன். வேண்டாம், நன்றி என்றார் அந்தப் பெண். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

'இன்னும் 5ஆம் தேதி வரவில்லையே' என்று சாயங்காலம் குழுவில் புலம்பினேன். வக்கீல் பதில் போட்டார்: புதிதாக வருவது பதிவு மட்டும்தான். வீட்டுக்காரர் இல்லாமல் நாள் கணக்கில் விடுவது ஏற்கெனவே தப்பு.

3 செப்டம்பர், ஞாயிறு

நகரத்தின் புகார் எண்ணான 311க்குப் போன் போட்டது யார் என்று என் கணவர் ஆராய்ச்சி. இடது பக்கத்து வீட்டுத் தாத்தா மேல் சந்தேகம். எனக்கென்னவோ ராத்திரி ஒரு மணிக்குச் சிமெண்ட் நடைபாதையில் பெட்டிச் சக்கரம் உருள்கிற சத்தம்தான் போன் போட்டிருக்கும். எத்தனை கோடை அந்த மனிதர் அதைக் கேட்டிருப்பார்!

அந்தத் தாத்தாவே இன்று தோட்டத்துத் தக்காளி ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். "அதைத் தொடாதே" என்றார் இவர். ரசம் வைத்தேன். இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

5 செப்டம்பர், செவ்வாய்

சட்டம் வந்துவிட்டது. போன மாதம் 28ஆம் தேதி வரை 3,250 விண்ணப்பங்கள் வந்ததில் 257 பேருக்குத்தான் பதிவு கிடைத்ததாம். ஏர்பிஎன்பியில் இருந்த எங்கள் பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். பூட்டையும் கழற்றியாயிற்று. கதவில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை.

14 நவம்பர், செவ்வாய்

விசாரணை போனில்தான் நடந்தது. கட்டடத்தை அனுமதிக்கு மாறாகப் பயன்படுத்தியது என்று குற்றம். பதில் சொல்லாமல் இருந்தால் அபராதம் இன்னும் ஏறும் என்பதால், லீவு போட்டுவிட்டுச் சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தேன். 'நாங்களும் இதே வீட்டில்தான்' என்ற வாதத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். பாதி படித்ததும் விசாரணை அலுவலர் கேட்டார்: "உங்கள் சமையலறையிலிருந்து, வெளியே போகாமல், அவர்கள் சமையலறைக்குப் போக முடியுமா?"

முடியாது. மீதிப் பாதியைப் படிக்கவில்லை.

அபராதம் உண்டு. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. இந்த நாட்குறிப்பை என் கணவரும் படிக்கிறார்.

2 டிசம்பர், சனி

மாடிக்கு ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். மூன்று மாத ஒப்பந்தம், பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. கோடையில் வந்த பணத்தில் பாதிகூட வராது. முப்பது நாள் தாண்டிவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதும் ஒரு கவலை. ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் இறங்கி வந்து கேட்டாள்: "படுக்கையறைக் கதவில் ஏதோ அடைத்திருக்கிறதே, அங்கே என்ன இருந்தது?"

பூட்டு என்றேன். மேலே அடித்த வெள்ளைப் பெயிண்ட் பழைய பெயிண்டோடு சேரவில்லை. இன்னொரு கோட்டிங் கொடுக்கச் சொல்ல வேண்டும்.