ஒற்றைத் தலைவலிக்கு அக்குபஞ்சர்: நான் பார்த்த பலன்

மாத்திரை ஒத்துக்கொள்ளாததால்தான் அக்குபஞ்சர் பக்கம் போனேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் ப்ரோப்ரனோலால் எனக்கு ஆகாது, ஆஸ்துமா இருக்கிறது. அடுத்து எழுதிக்கொடுத்த டோபிராமேட்டில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வார்த்தை வராது. பாடம் நடத்திப் பிழைக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம்!

இந்த இரண்டு மருந்தும் சரிப்படாதவர்கள் 5 முதல் 8 வாரங்களில் 10 சிட்டிங் வரை அக்குபஞ்சர் எடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதை எனக்குச் சொன்னதே நரம்பியல் மருத்துவர்தான். கூடவே, தலைவலி வரும் நாட்களை எல்லாம் குறித்து வைக்கச் சொன்னார்.

அக்குபஞ்சர் செய்பவரிடம் முதல் நாள் பெரும்பகுதி கேள்வியிலேயே போனது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமா, ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமா? இதையெல்லாம் விசாரிக்காமல் ஊசியை எடுப்பவரிடம் உட்காராதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகளை என் கண் முன்னால்தான் பிரித்தார்.

ஊசி முடிபோல மெலிசு. உள்ளே போகும்போது சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் குத்தி லேசாகத் திருகியபோது வேறு மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. கை கனத்து, உள்ளுக்குள் மந்தமாக ஒரு கடுப்பு. 'தே சி' என்று சீன மருத்துவத்தில் சொல்வது இதைத்தான். பிடரியில் மண்டை ஓடு முடியும் இடத்திலும், கால் பெருவிரலை ஒட்டியும் குத்தினார். அரைமணி நேரம் அப்படியே படுத்திருந்தேன். எழுந்ததும் தூக்கம் தூக்கமாக வந்தது; கையில் சின்னதாக ரத்தம் கட்டியிருந்தது.

தொடக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாதி சிட்டிங் தாண்டிய பிறகுதான் குறிப்பேட்டில் இடைவெளி கூடியது. தலைவலி முழுவதும் நிற்கவில்லை, ஆனால் வகுப்புக்கு லீவு போடுவது வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதுவே போதும்.

இதில் எவ்வளவு ஊசியின் வேலை, எவ்வளவு நம்பிக்கையின் வேலை? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பு நேர்மையாகவே பேசுகிறது: ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் மருந்துக்கு இணையாக இருக்கலாம், ஆனால் போலி ஊசியோடு (வேறு இடத்தில் குத்துவது, அல்லது குத்துவதுபோல மட்டும் செய்வது) ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. படித்த பிறகும் நான் விடவில்லை.

நான் போன அக்குபஞ்சர் மையத்துக்கு வந்தவர்களில் நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் தேய்மானம் என்று வருபவர்கள்தான் அதிகம். கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டலுக்காக ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். அவருக்கு உள்மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் குத்துவார்கள். குமட்டல் அடங்கியதும்தான் ஒரு வாய் சாப்பிட முடிகிறது என்றார். புற்றுநோய்க்கான சிகிச்சையை அவர் நிறுத்தவே இல்லை. ஊசி குத்தினால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், திடீரென்று இதுவரை இல்லாத அளவுக்குத் தலை வெடிப்பதுபோல வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலோ அக்குபஞ்சருக்குப் போகாதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.