பதற்றம், படபடப்புக்காகச் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போகிறவர்களுக்கு

நெஞ்சு படபடப்பு, வயிற்றுப் பிசைவு, தூக்கமில்லை என்று மட்டும் சொன்னால் ஈசிஜி எடுத்து, வாய்வு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. கிடைக்கும் சில நிமிடத்தில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். "எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை" என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் விழுங்கிவிடுவது அதைத்தான்.

ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்த கையோடு அரைப்பக்கம் எழுதிவையுங்கள்: எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி. கோப்பிக் கணக்கு விளையாட்டில்லை. கோப்பிக்கடைக் கோப்பி சும்மாவே கடுப்பம். ஓவர்டைமுக்கென்று இன்னொன்று ஏறினால் கைநடுக்கமும் விழிப்பும் அதிலிருந்தே வரலாம். ஒரேயடியாக விட்டால் தலைவலி பிடுங்கும். மதியத்துக்குப் பிறகு குடிப்பதை முதலில் நிறுத்துங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்புதான் வரும். ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

பதற்றம் எவ்வளவு என்று கணிக்கும் ஜிஏடி-7 படிவம் தரலாம். கடந்த 2 வாரத்தைப் பற்றி 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். கூட்டினால் 5 லேசு, 10 நடுத்தரம், 15 கடுமை. கௌரவம் பார்த்துக் குறைத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மனநல நிபுணரிடம் போக வேண்டுமென்றால் பரிந்துரைக் கடிதத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நேராகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்காது. பதற்றக் கோளாறுக்கு மெடிசேவும் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) செல்லும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எழுதிக்கொடுத்தால், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் சில நாள் படபடப்பு கூடவும் செய்யும். பலர் தூக்கிப்போடுவது அந்தக் கட்டத்தில்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அகால நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 1771, 24 மணி நேரமும் உண்டு. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் இது வெறும் பதற்றம் என்று நீங்களே முடிவுகட்டாமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

நிபுணரைப் பார்க்கும் நாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். படபடப்பு ரயிலில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத முற்பகலில் லிட்டில் இந்தியாவில் ஏறி, ஃபேரர் பார்க்கில் இறங்குங்கள். ஒரே ஒரு நிறுத்தம். அது சலிப்புத் தட்டிய பிறகு பூன் கெங் வரை. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது பாதியில் இறங்கி ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை ஏறுவதே பெரும்பாடாகும். படபடப்பு தானாகத் தணியும்வரை உட்கார்ந்திருங்கள். அப்போது 'ஆழமாக மூச்சிழு' என்ற அறிவுரை பல நேரம் எதிராக வேலை செய்யும்: வேகமாக நிறைய இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, தலை சுற்றும். மூக்கால் 4 எண்ணும்வரை மெல்ல இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள்.

கோடாலித் தைலக் குப்பியைக் கையிலேயே பிடித்திருப்பவர்கள், முதல் சில பயணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு, தைலத்தால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளாமல் இருக்க, அதைப் பைக்குள் போடுங்கள், அப்புறம் வீட்டிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.