ஐந்து மாத இடைவெளியில் பிறந்த 'உடன்பிறப்புகள்'

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹொனலுலுவில் ஓர் அரசுப் பள்ளியில், ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. போன வருடம் பசிபிக் கடலில் உள்ள சூக் தீவுகளிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சேர்க்க வந்தார். இரண்டு படிவத்திலும் தாய் என்று தன் பெயரையே எழுதியிருந்தார். பிறந்த தேதிகளுக்கு இடையே ஐந்தே மாதம். அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுமொழி என்ற இடத்தில் யாரோ 'மைக்ரோனேஷியன்' என்று எழுதிவிட, மொழிபெயர்க்க வந்தவர் மார்ஷல் தீவுக்காரர். பாவம், இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். 'மைக்ரோனேஷியன்' என்று ஒரு மொழியே கிடையாது. மைக்ரோனேஷியக் கூட்டு நாடுகள் என்ற நாட்டில் யாப், சூக், போன்பே, கோஸ்ரே என்று நான்கு மாநிலங்கள். கோஸ்ரேக்காரர் பேசுவது சூக்காரருக்குப் புரியாது. மார்ஷல் தீவுகளோ தனி நாடு. சூக் மொழி தெரிந்தவர் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது: பெண், இவருடைய தங்கை மகள். அங்கே அம்மாவின் சகோதரியும் அம்மாதான், அவர் வீட்டில் பிள்ளை வளர்வதும் சர்வசாதாரணம். பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு அந்தச் சிக்கல் முடிந்தது.

அடுத்து, "விசா எங்கே?" என்றார் ஒருவர். பள்ளி அதைக் கேட்கவே கூடாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்க முடியாதென்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவிர, இவர்களுக்கு விசாவே வேண்டாம். 1986-ல் நடைமுறைக்கு வந்த கோஃபா (COFA) என்ற, அந்நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அமெரிக்கா அந்தக் கடற்பரப்பில் ராணுவ உரிமையை வைத்துக்கொண்டது. பதிலுக்கு அந்நாட்டு மக்கள் இங்கே வந்து வாழலாம், வேலை பார்க்கலாம். ஏதோ சலுகையில் வந்தவர்கள்போல இவர்களை இங்கே பலர் பேசுவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முகவரிக்குக் காட்ட வேண்டிய வாடகை ஒப்பந்தம் வேறொரு உறவினர் பெயரில் இருந்தது. வசதியில்லாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைகளை, காகிதம் வந்து சேரும்வரை காக்கவைக்காமல் உடனே சேர்க்க வேண்டும் என்கிறது 1987-ன் மெக்கின்னி-வென்டோ சட்டம். அதைக் காட்டினேன். காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பூசியும் சீக்கிரமே முடிந்தன.

சேர்ந்த கொஞ்ச நாளில் இருவரும் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் ஒரு சாவு. உடலை ஊருக்கு அனுப்பும்வரை உறவெல்லாம் கூடியிருக்கும். அது ஓரிரு நாளில் முடிகிற காரியமல்ல. பள்ளி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நேரில் போய்க் கேட்டபோது அந்த அம்மா, "என் அண்ணனிடம் பேசுங்கள்" என்றார். சூக்கில் குலம் தாய்வழியில் வருவது. பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாமன் பேச்சுக்கு எடை அதிகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவரைப் பார்த்தேன். இனி இப்படி நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லியனுப்புவதாகவும், பாடங்களை வாங்கிக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே செய்கிறார்.

வகுப்பில்தான் நெடுநாள் தடுமாறினோம். ஒரு கேள்விக்கு அந்தப் பெண் புருவத்தை லேசாக உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள்; ஆசிரியர்களோ பதிலே சொல்லவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் இருக்கும் குழுவில் வாயே திறக்க மாட்டாள். பெரியம்மா மகன் அவளுக்கு உடன்பிறந்தவன் மாதிரிதான். வயதுக்கு வந்த பெண் சகோதரன் எதிரில் அடக்கமாக இருக்க வேண்டும். அவன் காதுபட உடலுறுப்புகளைப் பற்றிப் பேசுவது இருவருக்குமே பெரிய அவமானம். உடல்நலக் கல்வி வகுப்பிலிருந்து அவள் எழுந்து ஓடியது அதனால்தான் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் பாடத்துக்குப் பையனை வேறு பிரிவுக்கு மாற்றினோம். அவள் இப்போது கை தூக்குகிறாள். அறிவியலுக்கு ஒரே பிரிவுதான் இருப்பதால் இருவரையும் அறையின் இரு கோடிகளில் உட்காரவைத்திருக்கிறோம். இனப்பெருக்கப் பாடம் ஏப்ரலில் வருகிறது. அதற்குள் அட்டவணையை மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.