எம்.எஸ். ஆப்தால்: லாக் புக் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்

எம்.எஸ். ஆப்தால், அதாவது கண் மருத்துவ முதுகலைப் படிப்பின் ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். நிம்மதிதான், ஆனால் கடைசி வருஷத்து எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இப்போது சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நீட் பிஜி, கவுன்சிலிங் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடலாம்.

பாடத்திட்டத்தில் நோக்கம் தெளிவாகவே இருக்கிறது. மூன்று வருஷம் முடியும்போது பவர் பார்ப்பதிலிருந்து கண்புரை அறுவை வரை தனியாகச் செய்யவும், க்ளாக்கோமாவையும் (கண் அழுத்த நோய்) சர்க்கரையால் கெட்டுப்போகும் விழித்திரையையும் நேரத்தோடு கண்டுபிடிக்கவும் தெரிந்த டாக்டர் வெளியே வர வேண்டும். 1976-இல் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியபோதே, 1.4 சதவீதமாக இருந்த பார்வையின்மையை 0.3 சதவீதமாகக் குறைப்பதுதான் இலக்கு. அதில் பெரும்பங்கு கண்புரை. அப்படியிருக்க, புரை ஆபரேஷனில் கை பழகாத ஒருவரை கண் டாக்டர் என்று அனுப்புவதில் என்ன பயன்? ஆனால் கை பழகியதா என்று யாரும் பார்ப்பதில்லை. காகிதம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

எனக்கு நடந்தது இதுதான். பார்த்த கேஸையும் செய்த ஆபரேஷனையும் எழுதி சீஃபிடம் கையெழுத்து வாங்கும் நோட்டுதான் லாக் புக். நான் அதை நீட்டும்போதெல்லாம் எங்கள் யூனிட் சீஃப் "மாசக் கடைசியில மொத்தமா போட்டுத் தர்றேம்மா" என்பார். நல்ல மனுஷன், நன்றாகச் சொல்லியும் கொடுத்தார். திடீரென்று வேறு மாவட்டத்துக்கு டிரான்ஸ்ஃபர். புதிதாக வந்த மேடம், "நான் பார்க்காத கேஸுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்றார், அதுவும் நியாயம்தானே. லாக் புக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி பழைய சீஃப் இருந்த ஊருக்குப் போனால், அன்றைக்குப் பார்த்து சார் கேம்ப்புக்குப் போயிருந்தார்.

என் தீசிஸ் (ஆய்வேடு) கைடும் அவரே, அவர் போனதும் கைடையும் மாற்ற வேண்டியதாயிற்று. பைண்ட் செய்த தீசிஸை ஆபீஸில் கொடுத்தபோது, அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு "கைடு மாத்தின ஆர்டர் எங்க?" என்று கேட்டார் கிளார்க். அதை வாங்கிக்கொண்டு போனால் பிளேஜியரிசம் சான்றில் (காப்பி அடிக்கவில்லை என்பதற்கான சான்று) பழைய பெயர் என்றார், அதைத் திருத்திக்கொண்டு போனால் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) கடிதத்துக்கும் ஒரு திருத்தம் வேண்டும் என்றார். என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் உள்ளே போயாக வேண்டும் என்பதால் அந்த நாட்களில் தூக்கமே இல்லை. கைடுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த வாரமே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், சீல் போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆபரேஷன். முதல் வருஷம் முழுக்க ஓ.பி., ரிஃப்ராக்‌ஷன் (கண் பவர் பார்ப்பது), அசிஸ்ட் என்று போய்விடும், கேட்காமல் யாரும் கேஸ் தரமாட்டார்கள். முழு கேஸ் கேட்காமல் ஒரு ஸ்டெப் மட்டும் கேளுங்கள்: லென்ஸ் வைப்பது, கடைசியில் விஸ்கோவை (ஆபரேஷனில் கண்ணுக்குள் விடும் ஜெல்) கழுவுவது, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வெட் லேப் (விலங்குக் கண்ணில் ஆபரேஷன் பழகும் கூடம்) இல்லையென்றால் கறிக்கடையில் ஆட்டுக் கண் வாங்கித் தையலும் டன்னலும் (புரையை வெளியே எடுக்கப் போடும் வெட்டு வழி) பழகலாம். லென்ஸின் உறையான கேப்ஸ்யூலை வட்டமாகக் கிழிக்கும் ரெக்ஸிஸுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், ஆட்டுக் கண் கேப்ஸ்யூலின் இழுவையே வேறு.

எனக்குக் கை திறந்தது மூன்று மாத டி.ஆர்.பி.-யில் (படிப்பின் நடுவே மாவட்ட மருத்துவமனையில் பார்க்கும் கட்டாயப் பணி), மாவட்ட மருத்துவமனையில்தான். கூட்டம் அதிகம், டாக்டர்கள் குறைவு. அங்கிருந்த சார் என்னை உட்காரவைத்து எஸ்.ஐ.சி.எஸ். (சிறு வெட்டுக் கண்புரை ஆபரேஷன்) செய்யச் சொன்னார். நியூக்ளியஸ் (புரையின் கெட்டியான நடுப்பகுதி) டன்னல் வாயில் வந்து நின்றுவிட்டது, எனக்கு விரல் நுனியெல்லாம் வியர்வை. "இழுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் விஸ்கோ போடுங்க" என்றார், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை, ஆனால் கருவியையும் வாங்கிக்கொள்ளவில்லை. டன்னலைக் கொஞ்சம் அகலப்படுத்தியதும் முழுசாக வெளியே வந்தது, கேப்ஸ்யூல் கிழியவில்லை. டி.ஆர்.பி.-யை லீவு மாதிரி கழிக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தியரி நாலு பேப்பர், பிரச்சினை இல்லை. பிராக்டிகலில் எக்ஸாமினர் ரெட்டினோஸ்கோப்பை (ஒளி பாய்ச்சி, கையாலேயே பவர் கணிக்கும் கருவி) கையில் கொடுத்து பக்கத்திலேயே நின்று பார்த்தார், தானாகப் பவர் காட்டும் ஆட்டோ ரிஃப்ராக்டரை நம்பியிருந்தவர்கள் அங்கேதான் திணறினார்கள். முதல் வருஷமே சொந்தமாக ஒரு ரெட்டினோஸ்கோப்பும் விழித்திரை பார்க்கும் 20டி லென்ஸும் வாங்கிவிடுங்கள், சீனியர்களிடம் கேட்டால் பாதி விலைக்குக் கிடைக்கும்.