5 மைக்ரானா, 20 மைக்ரானா: டூல் ரூம் குறிப்புகள்

ஜூலை 7, கோவை

பிளாஸ்டிக் மூடிக்கான மோல்டு ஒன்று வந்திருக்கிறது. உள்ளே வரிசையாக ரிப்புகள் (மெல்லிய விலாக்களுக்கான ஆழமான பள்ளங்கள்), அகலம் 0.6 மி.மீ. அந்த ஆழத்துக்குக் கட்டர் எட்டாது, மின்பொறியால் உருக்கை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில்தான் எடுக்க வேண்டும். பொறி விடும் எலக்ட்ரோடை பள்ளத்தின் வடிவிலேயே செய்ய வேண்டும். செம்பில் இவ்வளவு மெல்லியதாகச் செய்தால் மில்லிங்கிலேயே வளையும், பிசிறு எடுப்பது தனி வேலை. எனவே கிராஃபைட். சப்ளையருக்கு போன் போட்டால், "எந்த கிரேடுங்க?" என்கிறார். நம் ஆட்கள் பலரும் இதற்கு விலையைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள்.

ஜூலை 8

இரண்டு சாம்பிள் கட்டைகள் வந்தன. ஒன்று 5 மைக்ரானுக்குள், மற்றது 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அறுத்த முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. ஓரத்தை உடைத்து லென்ஸில் பார்த்தேன். 20 மைக்ரான் துண்டில் சொரசொரப்பும் குட்டிக் குழிகளும் தெரிந்தன. மற்றது மங்கலாக, ஒரே சீராக இருந்தது.

இந்த மைக்ரான் கணக்கு, கிராஃபைட்டுக்கு மூலப்பொருளான கோக் என்ற கார்பன் கட்டியின் தூள் அளவு. கோக்கை அரைத்து, பசை போல ஒட்டவைக்கும் தார் பிட்ச்சோடு பிசைந்து, அழுத்திச் சுடுகிறார்கள். அப்புறம் 2,500 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் கார்பன் அடுக்குகள் ஒழுங்குக்கு வருகின்றன. சுடும்போது பிட்ச்சிலிருந்து வாயு வெளியேறுவதால் உள்ளே துளைகள் விழும். கிராஃபைட் படிகத்தின் அடர்த்தி 2.26, கட்டையின் அடர்த்தி 1.8 பக்கம். ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்!

ஜூலை 10

நண்பரின் லேபில் இரண்டையும் பாலிஷ் செய்து, போலரைஸ்டு ஒளியில் (ஒரே திசையில் அதிரும் ஒளி) மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். நீலம், மஞ்சள், ஊதா என்று திட்டுத் திட்டாக. மேடையைச் சுழற்றினால் நீலம் மஞ்சளாகிறது, ஏனென்றால் நிறம் காட்டுவது அடுக்குகள் படுத்திருக்கும் திசையை. ஒரே துகளுக்குள் இரண்டு மூன்று நிறம் தெரிந்தது. கேட்லாக்கில் ஒரு எண்ணாக நிற்கும் துகளுக்குள் எத்தனையோ சின்னப் படிகங்கள் இருக்கின்றன.

உருக்கு உலை எலக்ட்ரோடின் துண்டு ஒன்றும் அங்கே கிடந்தது. அது துளை வழியாகத் தள்ளி வார்த்தது, பெரிய துகள்கள் நீளவாக்கில் படுத்திருக்கின்றன. மின்சாரம் நீளவாக்கில் சுலபமாக ஓட அது நல்லதுதான். நமக்கு எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்குத்தான் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திய ஐசோஸ்டாட்டிக் கட்டை.

ஜூலை 11

டைமண்ட் கோட்டிங் கட்டரில் மில்லிங். கிராஃபைட்டில் சீவல் வராது, தூள்தான். மின்சாரம் கடத்தும் தூள், மெஷினின் மின் பேனலுக்குள் போனால் ஷார்ட். டஸ்ட் கலெக்டரை ஓடவிட்டுத்தான் ஆரம்பித்தோம். 20 மைக்ரானில், கட்டர் வெளியே வரும் ஓரத்தில் பொக்கை விழுந்தது. 0.6 மி.மீ. தடிமனில் முப்பது துகள்தானே அடுக்க முடியும், மூலையில் ஒன்று கழன்றாலும் கண்ணுக்குத் தெரியும். 5 மைக்ரான் கட்டையில் ஓரம் கூர்மையாக நின்றது.

ஜூலை 14

ரிப்பெல்லாம் நன்றாக வந்துவிட்டது. கடைசியாக நயமாக்கும் பினிஷிங்கில் எலக்ட்ரோடிலிருந்து துகள் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு போனால் அந்தப் பள்ளம் உருக்கிலும் பதியும், பொடித் துகளில் அந்தத் தொல்லை குறைவு.

"அப்போ எல்லாத்துக்கும் இதையே வாங்கிடலாமாப்பா?" என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். முதலில் மொத்தமாக அரிக்கும் ரஃபிங்கில் ஒவ்வொரு ஸ்பார்க்கும் விடும் குழியே பெரிது, அங்கே பொடித் துகளுக்குக் கொடுக்கும் காசு வீண். பெரிய குழிவுக்கு 20 மைக்ரானே போதும்.

மிச்சக் கட்டைகளில் கிரேடு எழுதி, தனித்தனி ரேக்கில் வைக்கச் சொல்லியாயிற்று. கலந்துபோனால் பழையபடி ஓரத்தை உடைத்துப் பார்க்க வேண்டியதுதான்.