எம்.எல்.எம்-ல் சேரலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு நோட்டுக் கணக்கு

பொருளை விற்று, கீழே ஆள் சேர்த்து, அவர்கள் வாங்குவதிலும் கமிஷன் பெறும் எம்.எல்.எம் எனும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சேரச் சொல்லி அழைப்பு வந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “கம்பெனி நல்ல கம்பெனியா, ஓடிப்போய்விடாதே?” என்பதுதான். கம்பெனி இருபது வருடம் அசையாமல் நின்றாலும் அதில் சேர்ந்தவர் கையில் ஒன்றும் நிற்காமல் போகலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது வேறு: ஐடி போடாத (உறுப்பினராகச் சேராத), இந்தத் தொழிலில் துளியும் ஆர்வமில்லாத ஒருவர், இந்தப் பொருளை இந்த விலைக்கு, பொருளுக்காகவே வாங்குவாரா?

அதைச் சோதிக்க மளிகைக்கடைக்கு ஒரு நடை போதும். புரோட்டீன் பவுடர் என்றால் டப்பா விலையைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சடித்திருப்பார்கள். டப்பாவில் இருக்கும் மொத்தப் புரதத்தால் விலையை வகுத்து, ஒரு கிராம் புரதம் என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் டப்பாவுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். “இது அடர்த்தியானது, ஒரு மூடி ஊற்றினால் போதும்” என்று சொல்லி விற்கும் துணி திரவத்துக்கு, ஒரு வாளித் துணிக்கு உண்மையில் எத்தனை மில்லி போகிறது என்று மூடியால் அளந்து, ஒரு துவைப்புக்கு என்ன செலவு என்று எழுதுங்கள். பற்பசைக்கு 100 கிராம் விலை. நான்கைந்து பொருளுக்குச் செய்தால் போதும், படம் தெளிவாகிவிடும். 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியா என்ற எம்.எல்.எம் நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியபோது அமலாக்கத் துறை வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்றே இந்த விலை வித்தியாசம்தான். சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில். வழக்கு எப்படி முடிந்தாலும், உங்கள் மளிகைச் சீட்டில் விழும் வித்தியாசத்தை நீங்களே பார்த்துவிட முடியும்.

கடை விலையைவிட அதிகம் என்றால் வெளியாள் வாங்கமாட்டார். அப்போது வாங்கப்போவது யார்? கமிஷனை எதிர்பார்த்து ஐடி போட்டவர்கள் மட்டும்தான். வருமானம் முழுக்க உள்ளே இருப்பவர்களின் பையிலிருந்தே சுற்றி வருகிறது என்று பொருள்.

“எம்.ஆர்.பி-க்கு விற்றால் 20 சதவீதம் லாபம், அதுவே தனி வருமானம்” என்று கூட்டத்தில் சொல்வார்கள். ஐடி இலவசம் என்று சொன்ன அதே வாயால் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஐடி இலவசம்தானே? அவர் உங்களிடம் எம்.ஆர்.பி-க்கு எதற்கு வாங்க வேண்டும்? “அக்கா, உங்க டிபி விலைக்கே குடுங்க” என்பார் (டிபி என்பது ஐடி உள்ளவருக்கான விலை), இல்லையென்றால் தன் பெயரில் ஒரு ஐடி போட்டுக்கொள்வார். சில்லறை லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்து பிளான், அதாவது கமிஷன் கொடுக்கும் திட்டம். கமிஷன் ரூபாய்க்கு வருவதில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி வைக்கும் பி.வி என்ற புள்ளிக்கு வருகிறது. 1,000 ரூபாய் பில்லுக்கு 400 பி.வி என்று வைத்திருந்தால், 10 சதவீதம் என்பது 100 ரூபாய் அல்ல, 40 ரூபாய். ஆகவே பொருள் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் பி.வி எவ்வளவு என்று பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம்.

பைனரி பிளானில் இன்னொரு முடிச்சு. உங்களுக்குக் கீழே சேர்பவர்களை இடது, வலது என்று இரண்டு வரிசையாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு லெக். “ஒரு லெக்கை மேலே இருக்கிறவங்க நாங்க கட்டிடுவோம், நீங்க ஒரு பக்கம் மட்டும் பாருங்க” என்பது மிகவும் கவர்கிற வாக்குறுதி, பல நேரம் உண்மையும்கூட. ஆனால் பணம் வருவது மெலிந்த லெக்கின் கணக்கில். இடதில் 1,20,000 பி.வி, வலதில் 8,000 பி.வி, கமிஷன் 10 சதவீதம் என்றால் வருவது 800 ரூபாய். இடதில் மிச்சமுள்ள 1,12,000 பி.வி அடுத்த மாதத்துக்குப் போகும். அந்த மாதம் நீங்கள் குறைந்தபட்சக் கொள்முதல் செய்யாவிட்டால் அது அழிந்துபோகும் என்று விதி இருக்கலாம். இதை ‘ஃப்ளஷ்’ என்பார்கள். பிளான் தாளில் இந்த வார்த்தையும் வார வரம்பைக் குறிக்கும் ‘கேப்பிங்’கும் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடிப் படியுங்கள்.

“நீங்க ஆறு பேர், அவங்க ஒவ்வொருத்தரும் ஆறு பேர்” என்று போர்டில் வட்டம் வரைவார்கள். பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது படியில் நிறுத்திவிடுவார்கள். பத்தாவது படி வரை போய்ப் பார்ப்போம். அந்தப் படியில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். உங்களையும் சேர்த்து மொத்தம் 7,25,59,411 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. தொட்டில் குழந்தை உட்பட ஒரு மாநிலமே தீர்ந்துபோகிறது. எந்தப் படியில் நிறுத்தினாலும் கடைசிப் படியில் நிற்பவர்கள் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு. அவர்களுக்குக் கீழே ஆளே இல்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல, அந்த வடிவமே அப்படி. “உழைக்காதவங்கதான் தோற்கறாங்க” என்று மேடையில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தோற்றவர்கள் அதை நம்பிக்கொண்டு தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.சி 2024-ல் 70 எம்.எல்.எம் நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் படித்து ஓர் ஆய்வறிக்கை தந்தது. அந்தத் தகவல்களின்படி பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவோதான் கிடைத்தது. குறைந்தது 17 நிறுவனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவும் செலவைக் கழிக்காத தொகை.

செலவு என்றதும் பெட்ரோல் மட்டும்தான் நினைவுக்கு வரும். முழுக் கணக்கை ஒரு மாதத்துக்குப் போடுவோம். கட்டாயக் கொள்முதல் 3,000 ரூபாய் என்று வையுங்கள். அதே தேவைக்குக் கடையில் 1,200 ஆகும் என்றால் 1,800 ரூபாய் செலவு. பேருந்து, பெட்ரோல் 900. மீட்டிங் டிக்கெட், மண்டப வாடகைப் பங்கு 400. சாம்பிள் கொடுத்தது, கடனாகக் கொடுத்துத் திரும்பாதது 300. ஆக 3,400. சில்லறை லாபமும் கமிஷனும் சேர்ந்து 3,600 வந்தால் மிச்சம் 200 ரூபாய். தினம் இரண்டு மணி நேரம் வீதம் 25 நாள் அலைந்தால் 50 மணி நேரம். மணிக்கு 4 ரூபாய். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் வரிகள் இவைதான். ஒவ்வொரு மாதமும் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து மணிக்கணக்கு உங்கள் ஊர்க் கூலிக்குக் கீழே இருந்தால் அதை வருமானம் என்று சொல்ல வழியில்லை.

மாதக் கடைசியில்தான் பெரிய ஓட்டை விழும். “இன்னும் 12,000 பி.வி போட்டா இந்த மாசமே ரேங்க் வந்துடும்” என்று மேலே இருப்பவர் போன் செய்வார். நகையை அடகு வைத்துப் பொருள் எடுத்துப் பரணில் அடுக்குவார்கள். காலாவதித் தேதி வந்ததும் அது குப்பை, அடகு மட்டும் அப்படியே நிற்கும். சுயஉதவிக் குழுக் கடனை இதில் போடவே கூடாது.

கூட்டத்தில் காட்டும் காசோலைப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்களை அழைப்பவரிடம், அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் கேளுங்கள். வருமான வரித் தளத்தில் அவரே பதிவிறக்கலாம். கமிஷன் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி டி.டி.எஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிக்க வேண்டும் (2024 அக்டோபர் முதல் 2 சதவீதம்), அது அந்தப் படிவத்தில் ஏறும். 20,000 என்ற வரம்பு 2025 ஏப்ரல் முதல். அதற்கு முன் 15,000. முழு நிதியாண்டுப் படிவத்தில் கம்பெனி பெயரே இல்லையென்றால் அந்த ஆண்டு கமிஷன் வரம்பைத் தாண்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மாதம் லட்சம் வருகிறது என்பவர் இந்த ஒரு தாளைக் காட்டத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“அரசு அங்கீகாரம் பெற்றது” என்று காட்டும் சான்றிதழ்களையும் பிரித்துப் பாருங்கள். 21 எழுத்து சி.ஐ.என் கம்பெனி பதிவு எண். 15 எழுத்து ஜி.எஸ்.டி எண் வரிக்கானது. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிமம் உணவுப் பாதுகாப்புக்கானது. மூன்றில் எதுவும் வருமானத் திட்டத்துக்குக் கொடுத்த சான்று அல்ல. சட்டம் இருப்பது வேறு இடத்தில்: 1978-ன் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும், 2021 டிசம்பர் 28-ல் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகளும். அந்த விதிகளின்படி சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், குறை தீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். “இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் போட்ட காசு திரும்பிவிடும்” என்று சொல்லி விற்பதும் விதிமீறல். ‘ஜாயினிங் பேக்கேஜ்’ என்று 10,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தால்தான் ஐடி ஆக்டிவ் ஆகும் என்றால், கட்டணத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஊட்டச்சத்துப் பொருளை “சர்க்கரை குறையும், கிட்னி சரியாகும்” என்று சொல்லி விற்காதீர்கள். அந்த டப்பாவிலேயே மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது விதி. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ன் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டப்படி குற்றம். உங்கள் பேச்சை நம்பி உங்கள் பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாதிப்பை எந்தக் கமிஷனும் ஈடு செய்யாது.

யாருக்காவது இது சரிப்படுமா? அழகு நிலையமோ தையல்கடையோ வைத்திருக்கிறவர், வாடிக்கையாளர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார், பொருள் நியாய விலையில் இருக்கிறது, ஆள் சேர்க்காமல் விற்பனை மட்டும் போதும் என்கிறவருக்குச் சரிப்படலாம். வீட்டிலிருந்து விற்க நினைப்பவருக்கு ஈரோடு கனி மார்க்கெட்டில் நைட்டி எடுத்து வந்து விற்பது மேல் என்பது என் அபிப்பிராயம். விலையை நீங்களே வைக்கலாம், மாத இலக்கு கிடையாது, வாங்கியவர் உங்களுக்குப் போட்டியாளராக மாறமாட்டார்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? ஒப்பந்தத்தில் ‘கூலிங் ஆஃப்’ காலம் எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். அதற்குள் விலகினால் அபராதம் இல்லை. விலகுவதை மேலே இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை, கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐடி எண், பில் எண், தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். புகாரைப் பெற்றதாக 48 வேலை மணி நேரத்தில் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், பொதுவாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை பில்களையும் பிரிக்காத டப்பாக்களையும் ஒரே பெட்டியில் வைத்திருங்கள். சீல் உடைந்த டப்பாவுக்குப் பணம் திரும்பக் கேட்பது கடினம்.